வெறுங்கை இரும்பு

இங்கே தீக்குச்சி மூன்றாம் உரசலில்தான் பற்றும்.
பற்றினாலும் சுடர் குனிந்தே நிற்கும்,
கடன்காரனைக் கண்டவன் போல.
லா ரிங்கோனாடா.
கடலிலிருந்து ஐயாயிரத்து நூறு மீட்டர்.
தகரக் கூரைகள், சேறு,
தலைமாட்டில் பனியாறு.
ஆய்வுக்கூடம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வது
ஒரு பள்ளி வகுப்பறை. கரும்பலகையில்
யாரோ அழிக்காமல் விட்ட ஏழாம் வாய்ப்பாடு.

நசாரியா கல்சினா இடக்கையை நீட்டுகிறாள்.
பெண் நுழைந்தால் சுரங்கத்துத் தங்கம்
கோபித்துக்கொண்டு போய்விடுமாம்.
அதனால் வெளியே, கொட்டிக் கிடக்கும் கழிவுக் கல்லில்
மின்னுவதைப் பொறுக்குகிறாள்
பத்தொன்பது வருடமாக.
முழங்கைக்குக் கீழே மெல்லிய குழாய் ஒன்றைச் சுற்றுகிறேன்.
"உள்ளே என்ன, பாதரசமா?"
"ஆமாம்."
"அதை எனக்குத் தெரியும்" என்கிறாள்,
பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வது போல.

காலையில் ஒரு குவளை பீட்ரூட் சாறு கொடுத்திருந்தோம்.
துப்பாதே என்றேன்.
கோகா இலை மென்று துப்பிப் பழகிய வாய்.
நாக்கின் பின்பள்ளங்களில் குடியிருக்கும் கிருமிகள்
சாற்றின் நைட்ரேட்டை நைட்ரைட் ஆக்கும்,
கூலி கேட்காது. எச்சிலை விழுங்கினால் போதும்.
"கிருமியா, என் வாயிலா?"
"எல்லார் வாயிலும்."
"மேஸ்திரி வாயிலுமா?"
"அங்கே கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம்."
சிரித்தாள். கருவி அந்தச் சிரிப்பையும்
ஒரு சின்ன மேடாக வரைந்தது.

எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன்:
சிவப்பணுவுக்குள் இரும்பு இருக்கிறது.
நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு
போகிற வழியெல்லாம் இறக்கிக் கொடுக்கிறது.
சுமை இருக்கும்வரை அதற்கு வேறு சிந்தனை கிடையாது.
கொடுத்துக் கொடுத்து வெறுங்கையான பிறகுதான்
அருகே மிதக்கும் நைட்ரைட்டுக்கு
முகம் கொடுக்கிறது.
தன்னிடமிருந்து ஒரு மின்துகளை
அதன் பக்கம் தள்ளிவிட்டுத்
தான் துருவேறிப் போகிறது.
அந்த இடத்தில் ஒரு வாயு பிறக்கிறது,
நைட்ரிக் ஆக்சைடு.
கண் மூடித் திறப்பதற்குள் செத்துவிடும்.
அதற்குள் குழாயின் சுவரைத் தொட்டுவிட்டால்
சுற்றி இறுக்கிக்கொண்டிருந்த தசை
பிடி விடுகிறது.
காற்று ஒரு மூச்சுகூடக் கூடுவதில்லை.
வழிதான் அகலமாகிறது.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, "தொரிபியோவுக்கும் இந்தச் சாற்றைக் கொடுப்பீர்களா?"

தொரிபியோவின் உதடு கத்தரிக்காய் நிறம்.
மலைக்குப் பயந்து அவன் எலும்பு
சிவப்பணுவைக் குவித்தபடியே இருக்கிறது.
ஊசியில் ஏற மறுக்கிறது ரத்தம், கூழ் மாதிரி.
அத்தனை இரும்பும் சேர்ந்து
அந்த வாயுவைப் பிறந்த இடத்திலேயே விழுங்குகிறதோ
என்றொரு சந்தேகம் எங்களுக்கு.
சந்தேகம்தான். முடிவு என்று எழுதக் கை வரவில்லை.
இறங்கிப் போ என்பதே தெரிந்த வைத்தியம்.
மாதம் முழுக்கச் சம்பளமில்லாமல் உழைத்து
ஒரே ஒரு நாள்
முதுகு தாங்கும் கல்லெல்லாம் தனக்கு
என்று வாழ்கிறவனை
எந்த நாளில் இறங்கச் சொல்வது?

மேற்கையில் பட்டையை இறுக்கினேன்.
திரும்பும் வழியை அடைத்தால்தான்
வருகிற வெள்ளம் தெரியும்.
கோடு ஏறியது, நிமிர்ந்து, தயங்காமல்.
நேற்று என் கையில் சோதித்தபோது
இதே கோடு சோம்பல் முறித்ததோடு சரி.
நான் பிஸ்கோக்காரன், கடலோரம்.
ராத்திரியெல்லாம் தலை பிளக்க
உட்கார்ந்தே தூங்குகிறவன்.

சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு
மூலையிலிருந்த வாளியைக் காட்டினாள்.
"அந்தத் தோலையெல்லாம் என்ன செய்வீர்கள்?"
"எறிவோம்."
"எறிவீர்களா!"
வீட்டில் ஆறு கினி எலிகள். ஒன்று சினையாம்.

சாக்கில் அள்ளி முதுகில் கட்டிக்கொண்டு
மேட்டில் ஏறினாள், எங்கும் நிற்கவில்லை.
பின்னால் சேற்றில் ஊதாச் சொட்டுகள்.
கூப்பிட நினைத்தேன், கையெழுத்து வாங்க மறந்துவிட்டது.
மூன்றாம் படியில் சுவரைப் பிடித்தபடி
என் மூச்சு திரும்பட்டும் என்று நின்றேன்.