அகழெலித் தோல்

நூற்றுப் பன்னிரண்டு தோல் கேட்டார் மாவாலைக்காரர்,
வரப்போகும் மருமகனுக்கு வெயிஸ்ட் கோட் தைக்க.
தோலுக்கு ஒரு பென்னி.
அவர் பேரம் பேசவில்லை, நானும்தான்.

பிப்ரவரி முழுக்க ஹெரெஃபர்ட் புல்வெளிகளில்
முழங்கால் ஈரத்தோடு கண்ணி வைத்தேன்.
உரிக்குமுன் வெட்டிப் போட்ட பாதங்கள்
குழந்தைக் கைகள்போல் விரிந்தே கிடந்தன.

மூன்று ஞாயிறு கோயிலில் பெயர் வாசித்தார்கள்:
கெசையா ப்ரோத்தரோ, இவ்வூர்.
ஆகஸ்டின் லைல், ரயில்பாதை அளப்பவர், லண்டன்.
ஆட்சேபம் உண்டா என்று பாதிரியார் நிறுத்தியபோது
எனக்கு இருமல் வந்தது.
ஊரே திரும்பிப் பார்த்தது.
வெறும் இருமல்.

ரயில் கடைசியில் அடுத்த பள்ளத்தாக்கு வழியாகப் போயிற்று.
இரண்டு வருஷத்தில் அவனும்.

நேற்று ஆள் அனுப்பியிருந்தாள்:
தோட்டத்தில் ஐந்து மண்மேடு, உடனே வரவும்.
போனேன். கோட் ஆணியில் தொங்கியது.
உள்ளங்கையால் அதை மேலும் கீழும் தடவிக்கொண்டே
“எந்தப் பக்கம் தடவினாலும் படிகிறதே, ஏன்?” என்றாள்.
“வளைக்குள் திரும்ப இடமிருக்காது, மிஸஸ் லைல்.
வந்த வழியே பின்னாலேயே நகர்ந்துதான் வர வேண்டும்.”
அவள் கை நின்றது.

தோட்டத்தில் குனிந்து ஒவ்வொரு மேடாகப் பார்த்தேன்.
ஐந்திலும் மண்வெட்டித் தடம்.
ஐந்துக்கும் கண்ணி வைத்தேன்.
நாளை வந்து பார்ப்பதாகச் சொன்னேன்.