நண்டுக் கொம்பனியில் வினைச்சொற்கள்

குருநகர் நண்டுக் கொம்பனியில்
குளிரறைக்குப் பக்கத்து மேசை என்னுடையது.
ஐஸ் தண்ணி கசிந்து
கொப்பியின் கீழ்மூலை எப்போதும் ஊதிக் கிடக்கும்.

வீகோத் துறைமுகத்து இனாசியோவுக்கு
ஸ்பானிஷிலேயே கடிதம் போட்டால்
கிலோவுக்கு ஐம்பது ரூபாய் கூட்டித் தருவான் என்று
முதலாளி எங்கேயோ கேள்விப்பட்டு வந்தார்.
அந்த ஐம்பது ரூபாய்க்காக
முப்பத்தெட்டு வயதில்
வினைச்சொற்களோடு மல்லுக்கட்டுகிறேன்.

முதல் கடிதத்தில் எழுதினேன்:
'நண்டுகள் ஸோன் பிவோஸ்.'
உயிரோடு இருக்கின்றன என்றுதான் நினைப்பு.
மறுநாள் பதில் வந்தது:
'எங்கள் நண்டுகளும் பொல்லாத கெட்டிக்காரர்தான், ஸென்யோரா.
உயிரோடு வருமா? அதைச் சொல்லுங்கள்.'

ஸேர் வேறு, எஸ்தார் வேறாம்.
இன்னார் என்பதற்கு ஒன்று,
இன்னபடி, இன்ன இடத்தில் என்பதற்கு மற்றது.
எங்களுக்கோ 'நான் டெலிசியா' என்றால் போதும்,
நடுவில் ஒரு வினையும் வேண்டாம்.

தெரியும் என்பதையும் பிளந்து வைத்திருக்கிறார்கள்.
நீந்தத் தெரியும் என்றால் ஸபேர்.
ஆளைத் தெரியும், கடலைத் தெரியும் என்றால் கொனோஸேர்.
கேட்பது அதைவிட மோசம்:
கேள்வி கேட்க பிரெகுந்தார்,
கைநீட்டிக் கேட்க பெதிர்,
பாட்டுக் கேட்க வேறொன்று.
'கேள் எண்ட ஒண்டை வைச்சு
நாங்கள் குடும்பமே நடத்துறம்'
என்றாள் அன்ரனிட்டா, கால் உடைத்துச் சதை எடுத்தபடி.

அவளுடைய போன் அடித்தது.
'எங்க நிக்கிறாய்?'
'கொம்பனியிலை நிக்கிறன்.'
முக்காலியில் குந்தியிருந்துகொண்டு சொல்கிறாள்!

புத்தகத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடந்தது:
எஸ்தாரின் வேர், லத்தீனில், நிற்றல்.
நான் சிரித்த சிரிப்பில் முதலாளி எட்டிப் பார்த்தார்.
பேசப் பழகிய நாள் தொட்டு
எங்களுக்கு எஸ்தார் தெரியும்.
ஸ்பானிஷ்தான் தெரியாது.

நாற்பத்தோராம் பக்கத்தில்தான் பிழைத்தது.
இறந்தவர் பற்றிய வாக்கியத்துக்கு
யோசிக்காமல் ஸேர் போட்டேன்.
அதைவிட மாறாதது வேறென்ன?
விடைப் பக்கம் சொன்னது: எஸ்தா முவெர்த்தோ.
செத்தவருக்கும் நிற்கிற வினைதான்.
காரணம் எழுதவில்லை. விதிவிலக்காம்.

எட்மன் அண்ணனுக்கு நீந்தத் தெரியும்.
கடலையும் தெரியும்.
இரண்டு தெரியும்களும் இருந்தன அவனிடம்.
படகு மட்டும் பாசையூர்ப் பக்கம் ஒதுங்கியது.

கணக்கெடுக்க வந்த பெடியன்
'வீட்டுக்காரர் எங்கை?' என்று கேட்டபோது
மச்சாள் பெனடிக்ரா சொன்னாள்:
'கடலிலை நிக்கிறார்.'
நான்தான் குறுக்கே விழுந்து திருத்தினேன்,
'இல்லைத் தம்பி, ஆள் செத்து ஆறு வருசம்.'
அவன் ஒரு கட்டத்தை வெட்டி
மற்றதில் சரி போட்டான்.
மச்சாள் என்னோடு கதைத்து
இன்றோடு பதினேழு நாள்.

ஐந்தரைக்கு இனாசியோவுக்கு அனுப்பினேன்:
'நண்டுகள் எஸ்தான் பிவோஸ். நானூறு கிலோ.'
பிறகு சைக்கிளை எடுத்தேன்.
பிழை விட்டது அவளில்லை என்று
சொல்லவேண்டும். எப்படியென்று தெரியாது.
மன்னிப்புக் கேட்க எந்தக் கேள் என்று
சந்திக்கு வரும்போதே பார்த்துவிட்டேன்:
பெதிர். கைநீட்டுகிற கேள்.

படலையைத் தட்டினேன்.
'ஆரது?'
'நான், டெலிசியா.'
உள்ளே சட்டியில் ஏதோ பொரிகிற சத்தம்.
'வாறன், நில்' என்றாள்.
நிக்கிறன்.