கொருக்குப்பேட்டை கேட்

சரக்கு ரயில். டில்லிபாபு
ஷேர் ஆட்டோவை அணைத்துவிட்டார்.
அப்பாடா என்று
மடித்த பக்கத்தைப் பிரிக்கிறேன்.
வாடகை நூலகத்துப் புத்தகம்; எனக்கு முன்னால் யாரோ
ஊறுகாயோடு படித்திருக்கிறார்கள்.

நாற்பத்திரண்டு, ஏப்ரல்.
ஜப்பான்காரன் வருகிறான் என்று
பட்டணமே மூட்டை கட்டுகிறது.
கவர்னருக்கு இந்த நாவலில் அரை வரி,
போர்க்கப்பலுக்கு அதுவும் இல்லை.
தாயாரம்மாவின் கவலையெல்லாம்
இட்டிலிக்கு ஊறப்போட்ட இரண்டு படி அரிசி.
ஆட்டினால் தின்ன ஆளில்லை,
ஆட்டாவிட்டால் நாறும்.
புருஷன் வண்டி பிடித்து வந்து வாசலில் கத்துகிறான்.
அவள் உரலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

பட்டத்து ராணி கதையென்றால்
இரண்டாம் பக்கத்திலேயே எனக்குத் தூக்கம் வரும்.
இவளோ
மாவுக் கையோடு முன்மயிரை ஒதுக்குகிறாள்,
நான் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

நாற்பதாவது பெட்டி. நாற்பத்தொன்று.
இன்னும் ஒன்றரைப் பக்கம்.
முருகா, கார்டு பெட்டி
இப்போதைக்கு வரவேண்டாம்.

வந்துவிட்டது.
கேட் தூக்கியாயிற்று, பின்னால்
தண்ணீர் லாரி ஹாரனை விடாமல் அமுக்குகிறது.
டில்லிபாபு சாவியைத் திருப்பவில்லை.
கண்ணாடியில் என்னைப் பார்த்து,
"ஏம்மா, முணுமுணுன்னு படிச்சினு வந்தியே,
அந்த அரிசி
இன்னா ஆச்சு?"