பிடித்தம்

கட்டபெட்டு வளைவுக்குக் கீழே
எங்கள் பெயரில் ஒரு கூரை.
வங்கி பாதி, சீட்டு கால்,
மிச்சம் என் காதில் கிடந்தது.

ஓடு வேயக் கூடலூரிலிருந்து வந்தவர் சைதலவி.
பதினோரு நாள், இரண்டு கையாட்கள்.
பேசிய கூலியில் ஐயாயிரம்
முதல் மழை கழிந்த பிறகு என்றேன்.
"ஆகட்டும்" என்று
அணைந்த பீடியைக் காதில் செருகிக்கொண்டார்.

ஃபேக்டரியில் இலை நிறுக்கிறவள் நான்.
ஈர இலைக்கு நூற்றுக்குப் பத்து கழித்து எழுதுவேன்.
வெயில் நாளிலும் மூட்டையின் அடிவரை
கையை விட்டுக் கிளறாமல்
யாருக்கும் சீட்டுக் கிழித்ததில்லை.
என்னைப் பிடிக்கும் என்று
அந்த வரிசையில் ஒருத்தியும் சொன்னதில்லை.

அவர்கள் சாப்பிடப் போன நேரம்
கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி
புதுச் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தேன்.
எங்காவது ஊசி வெளிச்சம் விழுகிறதா?
இல்லை.
இறவாரம் நெடுக நூல் பிடித்தேன்.
ஓர் ஓடும் மூக்கை நீட்டவில்லை.
ரூபாய்க் காசால் தட்டினேன், கைக்கு எட்டிய வரிசை முழுக்க:
கிண், கிண், கிண்.
குறை என்று எழுத ஒரு வரி கிடைக்கவில்லை.
அதுவே சந்தேகமாக இருந்தது.

ஏணி சாத்தியபடியே இருந்தது.
முகட்டுப் பூச்சில் மயிரிழை வெடிப்பாவது இருக்குமென்று
ஏறிவிட்டேன்.
நாலாவது வரிசை தாண்டுகையில்
குதிகாலுக்கு அடியில் ஒரு சத்தம்,
யாரோ தொண்டையைச் செருமியது போல.
குனிந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.
முகட்டில் வெடிப்பும் இல்லை.
இறங்கி வந்து சேலையில் ஒட்டிய ஓட்டுத் தூளைத்
தட்டிவிட்டேன்.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள்
கிழக்குச் சரிவிலிருந்து இருட்டு ஏறி வந்தது.
மூன்று இரவு, விடாத மழை.
டார்ச்சோடு அறை அறையாக நடந்தேன்.
சுவரும் கூரையும் சேரும் மூலை,
ரீப்பர் இணைப்பு, கைமரம், எல்லாம் சுக்காய்க் காய்ந்திருக்க
அடுப்படியில் மட்டும்
சோற்றுப் பானை மூடிமேல்
டப்.
கொஞ்சம் யோசித்து, மறுபடி
டப்.
அண்ணாந்து வரிசையை எண்ணினேன்.
எண்ணாமலே தெரிந்திருந்தது.

அதற்குள் என் வீட்டுக்காரர் போன் போட்டுவிட்டார்,
ஐயாயிரம் மிச்சமான குரலில்:
"ஒழுகுது பாய்."

முதல் பஸ்ஸில் வந்தார் சைதலவி.
செருப்பைக் கழற்றி ஏணியடியில் வைத்தார்.
ஓட்டின்மேல் ஓடு படியும் இடம் பார்த்து
அடியில் கட்டை இருக்கும் இடம் பார்த்து
ஒவ்வொரு காலாக வைத்துப் போனார்.
உடைந்ததைக் கொண்டுவந்து
எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார்.

"குரங்கா பாய்?" இது அவர்.
"குரங்கு ஓரத்தைப் பிடிச்சுத் தூக்கும்.
நடுவுல மிதிக்காது."

என்னைப் பார்த்தாரோ என்னவோ,
நான் ஓட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பக்கச் சுவரில் சாத்தியிருந்த உபரி ஓடு பத்தில்
ஒன்றை எடுத்துப் போய் மாட்டினார்.
ஒரு பீடி அணையும் நேரம்கூட ஆகவில்லை.

அவர் கடைசிப் படியில் இருக்கும்போது
"நான்தான்" என்றேன்.
வீட்டுக்காரர் திரும்பினார்.
சைதலவி செருப்பை மாட்டிக்கொண்டே
"அடுத்த தடவை இதைக் கழட்டிட்டு ஏறுங்க" என்றார்.

ஐயாயிரத்தோடு பஸ் காசும்
ஓட்டின் விலையும் சேர்த்து நீட்டினேன்.
எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணினார்,
நான் எண்ணுவது போலவே.
பஸ் காசை எடுத்துக்கொண்டார்.
ஓட்டுக்கான நோட்டை மட்டும் பிரித்து
என் கையில் திருப்பி வைத்தார்:
"ஓடு உங்களோடது."