அரையடி ஸ்கேல்

தொண்ணூற்று மூன்று, தை மாதம்.
கிருஷ்ணகிரி மைதானத்தில் சுண்ணாம்பு தீர்ந்துபோய்
கிரானைட் அறுக்கும் கம்பெனியிலிருந்து
ரெண்டு மூட்டை மாவு வாங்கிவந்து
கோடு போட்டிருந்தார்கள்.
காற்றடித்தால் கோடு நகரும்.

எலத்தகிரிக்கு ஒன்பதாம் நம்பர் சவரியப்பன்.
பர்கூருக்கு நாலாம் நம்பர் நான்.
எழுபத்தெட்டாவது நிமிடம்
பந்து என் தலைக்கு மேலே போகிறபோது
அவன் எனக்குப் பின்னால் நின்றான்.
அரையடி.
சத்தியமாக அரையடி.
நான் கையைத் தூக்கினேன்.

கோடு பார்த்த வரதராஜுலு சார்
கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கண்ணில் விழுந்த கோட்டைக்
கசக்கிக்கொண்டிருந்தார்.

விசில் வரவில்லை.
வலையில்லாத கம்பங்களைத் தாண்டிய பந்து
புளியமரத்தடியில் ஐஸ் வண்டியை இடித்து நின்றது.
ஐஸ்காரர்தான் முதலில் கத்தினார்,
கோல் என்று.

அந்த ஒரு கோலுக்கு
மெட்ராஸ் வங்கி ஒன்று அவனைக் கூட்டிப்போனது.
கோடு போடச் சொன்னால் ரோடே போடுகிற ஆள்.
ஆறு வருடம் மாநில ஜெர்சி.
கல்கத்தாவில் ஒரே ராத்திரி மூன்று கோல்.
பேப்பரில் அரைப்பக்க முகம்;
அதில் மடித்த வேர்க்கடலையை
நானும் வாங்கித் தின்றிருக்கிறேன்.

பிறகு இடது முழங்கால்.
பிறகு கோச்.
ஓசூரில் ஒரு கம்பெனி டீம்,
பதினெட்டு ஆட்டத்தில் பதினொரு தோல்வி.
பையன்களிடம் அவன் சொன்னதெல்லாம்
"பந்து வர்ற எடத்துக்கு முன்னாடியே போயிடு."
எப்படி சார் தெரியும் என்று கேட்டால்
"தெரியும்டா" என்பானாம்.
இப்படியொரு பாடத்தை வைத்துக்கொண்டு
எவன் பாஸாவது?

இதற்கிடையில் நான்
கல்யாண வீடு, சலூன், பஸ் ஸ்டாண்டு டீக்கடை
எங்கே போனாலும் அந்த அரையடியைச் சொன்னேன்.
நம்பாதவர்களுக்கு
மகளின் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து
ஸ்கேலை எடுத்தே காட்டியிருக்கிறேன்.
இவ்வளவுதான். பாருங்கள். இவ்வளவு.

இப்போது அவன் டிவியில், கோட்டு சூட்டோடு.
திரையில் விரலால் மஞ்சள் கோடு இழுக்கிறான்.
காற்றுக்கு நகராத கோடு.
"பாருங்க, தோள்பட்டை மட்டும் வெளியே. ஆஃப்சைடு."
ஒருநாள் சொன்னான்:
"டிஃபெண்டர் கையைத் தூக்கக் கூடாதுங்க.
அவருக்குச் சம்பளம் காலுக்கு."
சோற்றுத் தட்டோடு எழுந்து நின்றுவிட்டேன்.
நாகவேணி பேசாமல் சேனலை மாற்றினாள்.

எனக்குச் சம்பளம் கைக்குத்தான்.
டோல்கேட்டில் ஏழாவது பூத்,
பதினாறு வருடமாக வண்டிகளுக்குக் கை காட்டி.

போன ஆனியில், ராத்திரி ஒன்றரை மணிக்கு
பெங்களூர் பக்கமிருந்து ஒரு வெள்ளைக் கார்.
ஃபாஸ்டேகில் பணம் இல்லை.
விதிப்படி ரெண்டு மடங்கு என்றேன்.
கண்ணாடி இறங்கியது.
மேக்கப் கழுவாத முகம், காதோரம் பவுடர்.

என் பேரைச் சொல்லவில்லை.
"பர்கூர். நாலாம் நம்பர்."
பின்னால் மாங்கூழ் டேங்கர் ஹாரன் அடித்தது.
"அது ஆஃப்சைடு."
"ஆமா" என்றான்.
பர்ஸில் நோட்டைத் தேடிக்கொண்டே,
மணி கேட்டவனுக்கு மணி சொல்வதுபோல.

பிறகு நிமிர்ந்து பார்த்தான்.
"அன்னிக்கு எனக்கு நூத்திரெண்டு காய்ச்சல்.
காலே எழும்பல.
நீ கையத் தூக்காம ஓடி வந்திருந்தா
பத்தடியில என்னைப் புடிச்சிருப்ப."

ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.
கம்பி எழுந்தது.
சிவப்பு விளக்கு ரெண்டும் பர்கூர் பக்கம் சிறுத்தன.
பத்தடி. பத்தடி என்றால்
எத்தனை ஸ்கேல் என்று எண்ணிக்கொண்டு
கம்பியை இறக்க மறந்து நின்றேன்.

டேங்கர் காசு கொடுக்காமலே
என்னைத் தாண்டிப் போய்விட்டது.