கவிழ்ந்த கல்

அயர்லாந்திலிருந்து ஒருத்தி கடிதம் போட்டிருக்கிறாள்.
கொர்னீலியஸ் டோலன், பீரங்கிப் படை,
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறில் காய்ச்சலில் மோசம்போனவன்,
திருக்கோணமலையில் அவனுக்கொரு கல் இருக்கவேண்டும்,
பார்த்துச் சொல்ல முடியுமா என்று.
பதில் போட முத்திரையும் வைத்திருக்கிறாள்,
எங்கள் தபாற்கந்தோரில் செல்லாத முத்திரை.

பங்குத்தந்தை அதை என் மேசையில் வைத்துவிட்டுப்
பூசைக்குப் போனார்.

பிறிசித்தம்மாள் கோவில் என்றால்தான் இங்கே வழி சொல்வார்கள்.
பிரிஜித் என்று பெயரைக் கொண்டுவந்தவர்கள்
அதை எப்படிச் சொன்னார்களோ,
கேட்ட காதுகளும் சேமக்காலைக்குள்தான்.
அந்த நாட்டில் அவள் மாடுகளுக்குக் காவலாம்.
இதை எங்கள் பால்காரருக்கு யார் சொன்னது?
தை மாதக் கடைசியில்
கன்று போட்ட பசுவின் பாலைக்
காய்ச்சாமல் கொண்டுவருவார்கள்,
நெற்றியில் திருநீற்றோடு,
வாசற்படியில் ஊற்றிவிட்டுப் போவார்கள்.
மிச்சத்தைப் பூனைகள் பார்த்துக்கொள்ளும்.

பதிவேட்டைத் திறந்தேன்.
ஒரு வைகாசியில் பதினேழு பேர்.
வாந்திபேதி. கீழே, மேற்படி.
மேற்படி. மேற்படி.
எழுத்து பக்கத்தின் ஓரத்துக்குச் சரிந்துகொண்டே போகிறது.
பதினெட்டாவது பெயர் வேறு கையெழுத்தில்:
அதுவரை எழுதிவந்தவருடைய பெயர்.

டோலன் பதினொன்றாவது மேற்படி.
வீட்டுக்குக் காய்ச்சல் என்று அறிவித்திருக்கிறார்கள்.
வயது இருபத்திரண்டு. மூன்றாம் வரிசை, வேம்புக்குக் கிழக்கே.

வேம்பு நிற்கிறது.
யப்பான்காரன் குண்டு போட்ட காலையில் கூரை போனது.
அறுபத்துநாலாம் ஆண்டுச் சூறாவளி
மணியைக் கழற்றி வாகைமரத்தில் கொழுவிவிட்டுப் போனது.
இரும்புச் சிலுவைகளை உப்பு தின்றது, மிஞ்சியதைப்
பழைய இரும்புக்காரன் நிறுத்தெடுத்தான்.
மூன்றாம் வரிசையென்று இப்போது
மான்கள் படுத்திருக்கின்றன, ஆறோ ஏழோ,
எவர்மேல் என்று தெரியாமல் அசைபோட்டபடி.

நிற்கிற கற்களை ஒவ்வொன்றாய்த் தடவிப் பார்த்தேன்.
கச்சான் காற்று எழுத்தை நக்கித் தீர்த்திருந்தது.
ஒன்றில் ஒரு நங்கூரம். ஒன்றில் வெறும் "இங்கே".

பின்னேரம் கிணற்றடியில் கால் கழுவும்போதுதான்
அந்தக் கல்லைப் பார்த்தேன்.
பார்த்தேன் என்ன, எனக்குத் தெரிந்த கல்.
தொண்ணூறில் நாங்கள் இந்தக் கோவிலுக்குள்தான் கிடந்தோம்,
நூற்றுநாற்பது குடும்பம், ஒரு கிணறு.
பீடத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஒன்பது முழ இடம்.
எனக்கு ஒன்பது வயது, ஒரே ஒரு வெள்ளைச் சட்டை.
அம்மா அதை இந்தக் கல்லில்தான் அடித்துத் தோய்த்தா,
ஒவ்வொரு நாளும், பள்ளிக்கூடம் இல்லாத நாளிலும்.

இவ்வளவு சதுரமாய் ஒரு தோய்கல்லை
யார் செதுக்கினார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

யோகதாசன் அலவாங்கு கொண்டுவந்தான்.
இரண்டு பேரும் மூச்சுப் பிடித்துப் புரட்டினோம்.
நட்டுவக்காலி ஒன்று ஓடியது.
களிமண் எழுத்துக்குள் இறுகி எழுத்தாகவே கிடந்தது.
ஈர்க்கால் கிண்டக் கிண்டப்
பெயர் வந்தது, வயது வந்தது,
கூட்டாளிகள் ஒரு நாட் சம்பளம் போட்டு
நாட்டிய கல் என்று ஒரு வரி,
கொத்தியவனின் பிழையோடு.
நேற்றுக் கொத்தியதுபோல் கூர்.

படம் எடுத்துக்கொண்டேன்.
கடிதத்தை மூன்று தரம் தொடங்கினேன்.
வாந்திபேதியை எழுதவா?
அவள் வீட்டில் ஏழு தலைமுறையாய்க் காய்ச்சல்
காய்ச்சலாகவே இருந்துவிட்டது.
கடைசியில் இவ்வளவுதான் நின்றது:
அம்மணி, கல் இருக்கிறது.
முதுகு தேய்ந்திருக்கிறது. முகம் சுகம்.

தேய்த்தது யாரென்று எழுதவில்லை.

வெளியே மரியநேசம் வாளியோடு நிற்கிறா,
தோளில் நனைந்த படங்குச் சீலை.
வெளிச்சத்தில் மல்லாந்து கிடக்கிற டோலனை
ஒரு தரம் பார்த்துவிட்டுக் கேட்கிறா:
"தம்பி, கல்லை எப்ப திரும்பக் கவிழ்ப்பீங்கள்?"