நிகழ்வு எண் நாற்பத்தொன்று

கேபினெட் மனாமா சூக்கில் வாங்கியது.
மதர்போர்டு கார்கோவில் வந்தது.
ரேம் இரண்டும் ஷிஹாபுதீன் கடையில், தவணைக்கு.
குதைபியாவில், எட்டுக்கு ஏழு பிளைவுட் அறையில்
கட்டில்மேல் பழைய லுங்கி விரித்து
ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கப் பூட்டினேன்.
ஒரு திருகு மிஞ்சியது.

முதல் வேலை, ரிஃபாவில்
யாரோ கட்டப்போகும் வில்லா.
நீச்சல்குளத்தில் சாயங்கால வெளிச்சம் விழவேண்டும் என்றார்கள்.
அறுபத்துமூன்று சதவீதத்தில்
தண்ணீருக்கு நிறம் வந்துகொண்டிருந்தபோது
பொசுக்கென்று போனது.
நீலத்திரைகூட இல்லை.
பிறகு தானாகவே எழுந்து
ஒன்றும் நடக்காததுபோல
கடவுச்சொல் கேட்டது.

உள்ளே பதிவேட்டில் எழுதியிருந்தது:
நிகழ்வு எண் நாற்பத்தொன்று.
முறையாக நிறுத்தப்படாமல் கணினி மறுபடி தொடங்கியது.
அது எனக்கும் தெரியும்.

ஒரு ரேமைக் கழற்றினேன். விழுந்தது.
அதை மாட்டி மற்றதைக் கழற்றினேன்.
விழுந்தது.
புராசசர் தலையில் பேஸ்டைத் துடைத்து
பட்டாணி அளவுக்குப் புதிதாக வைத்தேன்.
அதற்குச் சூடு ஐம்பத்தெட்டுதான்;
ஆகஸ்டில் எனக்குத்தான் கூடுதல்.
மிஞ்சிய திருகுக்கு ஓட்டை தேடி
போர்டையே வெளியே எடுத்தேன்.
விண்டோஸை அழித்து எழுதினேன், இரண்டு முறை.
"சப்ளை மாத்திக்கோ, ஒரிஜினல் தரேன்"
என்றார் ஷிஹாபுதீன்.
பதினெட்டு தினார்.
ஒரிஜினலோடும் விழுந்தது.

மேல்கட்டிலில் ஜெபசிங்
போர்வைக்குள்ளிருந்து சொன்னான்:
"நல்ல நேரம் பாத்துப் பூட்டியிருக்கணும்லே."

நேரம் என்றதும் பதிவேட்டை மறுபடி திறந்தேன்.
ஞாயிறு, ஒன்று நாற்பத்திரண்டு.
திங்கள், ஒன்று முப்பத்தொன்பது.
செவ்வாய், புதன், வியாழன்
எல்லாம் அதையொட்டியே.
வெள்ளி இரவு மட்டும் காலி.
எந்தச் சிப்புக்கு வார விடுமுறை தெரியும்?

அன்றைக்கு டார்ச்சை அணைத்துவிட்டு
காதை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் சாவி.
ஷூ ஒன்று, கொஞ்சம் கழித்து இன்னொன்று.
ஒரு சுவிட்ச்.
விளக்கு கண் சிமிட்டியது, இது விழுந்தது.
இடுக்கு வழியே
நீர் தெளித்த துணி சுடும் வாசனை.

கதவைத் தட்டினேன்.
பாதி தேய்த்த சட்டையோடு நின்றார் மோஃபிஸுல்.
சித்ராவில் ஒரு கிடங்குக்குக் காவல்,
ஆறு மணிக்கு வேறொரு இடத்தில் மறுபடி காவல்.
தேய்க்க இந்த ஏழு நிமிடம்தான்.
என் இந்தியில் இரண்டாயிரம் வாட்டுக்குச் சொல் இல்லை.
"பஹுத் கரண்ட்" என்றேன்.
இருவரும் வயரைப் பின்தொடர்ந்து போனோம்.
சமையலறையின் ஒரே பிளக்கில் புறப்பட்டு
ஐந்து அறைக்கும் போகிறது ஒரு வெள்ளை வயர்.
தொட்டோம். காய்ச்சல்காரன் நெற்றி.
நாத்தூரிடம் சொன்னால் பார்ட்டிஷனே போய்விடும்.
யூபிஎஸ் அடுத்த சம்பளத்தில்.
ஆக,
தேய்க்குமுன் பலகையில் இரண்டு தட்டு.
நான் சேமித்து நிறுத்திவிட்டு
பதிலுக்கு ஒன்று.

வில்லா முடிந்தது.
குளத்தில் சாயங்காலம் விழுந்தது.
முப்பத்தைந்து தினார், அதிலும் ஐந்து பாக்கி.
ஏழு நிமிடம் இருட்டுத் திரைமுன் உட்கார்ந்து
பக்கத்து அறையில் காலர் தட்டையாவதைக்
கேட்கப் பழகிவிட்டேன்.

போன வெள்ளி அவருக்கு விடுமுறை.
குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது.
வேறொரு வில்லா, எண்பத்தொன்பது சதவீதம்.
விசிறிகள் சட்டென்று ஓய்ந்தன.
திரையில் என் முகம்.
குறட்டையும் நின்றது.
பலகைக்கு அந்தப் பக்கமிருந்து
தூக்கம் கலையாத குரல்:
"பாய், மே நஹி."

தெரியும் என்று ஒரு தட்டு தட்டிவிட்டு
இருட்டில் திருப்புளியைத் துழாவினேன்.
கையில் முதலில் கிடைத்தது
அந்தத் திருகு.